வச்ச மருந்து

சாலை பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் கோலப்பன், ஜாதிச் சங்கத்துக்கு ஆயுள் தலைவர். யாருடைய ஆயுள் என்பதைச் சங்கம் இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் தங்கை மகன் பேச்சிமுத்து போதை ஊசிக்கு அடிமையாகக் கிடந்த காலத்தில், மாமா எதைச் சொன்னாலும் தலையாட்டினான். தானாகத் தொங்கி ஆடிய தலையை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

தெளிந்தவன் முதல் வேலையாக, ஆண்டு விழாவில் தலைவர் உரையின் நடுவே எழுந்து போனான்.

மறுநாள் கோயில் நடையில் சட்டையைக் கழற்றியபோது அவன் அடிவயிற்றில் ஒரு தையல் தழும்பு. தோலுக்கடியில் சின்ன மேடு.

"இது என்னடே?"

"மருந்து வச்சிருக்கு மாமா. கௌசல்யாதான் கூட்டிட்டுப் போனா."

டாக்டர் தோலைக் கீறி மாத்திரை புதைத்ததையும், அது மாதக்கணக்கில் மெல்லக் கரையும், அதுவரை ஊசி குத்தினாலும் போதை ஏறாது என்பதையும் அவன் சொல்லத்தான் செய்தான். கோலப்பன் காதில் விழுந்தது ஒரே சொல். மருந்து. புருஷனை மடக்கப் பெண்டாட்டி சோற்றில் வைப்பாளே, அது.

ஞாயிற்றுக்கிழமை, அப்படி வச்ச மருந்தை எடுக்கிற நீலகண்டன் வைத்தியரை வித்துராவிலிருந்து காரில் கூட்டிக்கொண்டு அவன் வீட்டில் வந்து இறங்கினார். வைத்தியர் கிண்ணத்தில் கஷாயம் ஊற்றினார்.

"குடிலே. வச்சதெல்லாம் வாந்தில வந்துரும்."

"இது வாய் வழியா போகல்ல மாமா," என்றாள் அவன் பெண்டாட்டி கௌசல்யா.

"வச்சவ பேசப்படாது."

வைத்தியர் மேட்டை அமுக்கிப் பார்த்தார். "இது தொலிக்கு அடியிலயாக்கும். சோத்துல போனாத்தான் நம்ம டிபார்ட்மெண்ட்."

"அப்போ பிளேடு வச்சுக் கீறும்வே."

பேச்சிமுத்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"மாமா, வைக்கச் சொன்னது நான். எனக்கு நானே வச்சுக்கிட்டேன். இதை எடுத்தா இன்னைக்குச் சாயங்காலமே எந்தச் சந்துல போய் நிப்பேன்னு எனக்குத் தெரியும். இது தீர்ந்தா அடுத்ததும் வைப்பேன்."

"பொண்டாட்டி மருந்துல கிடக்கான்னு ஊரு சிரிக்குலே."

"ஊசியில கிடந்தப்ப யாரும் சிரிக்கல்லியே. இப்ப சிரிக்கட்டும்."

"தலைவர் பேச்சைத் தட்டுறியா?"

"தட்டுறேன்."

கிண்ணத்தை எடுத்துப்போய் வாசல் ஓடையில் கவிழ்த்தான். நன்றாகக் கழுவிக் கொண்டுவந்து வைத்தியர் கையில் கொடுத்தான்.

"கொண்டு போங்க வைத்தியரே. அடுத்த வீட்டுல வேண்டி வரும்."