ஒரு சாண் தூரத்தில் நின்ற சக்கரம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. நோட்டீசாகப் பிறந்தது. தேனியில் ஞாயிறுதோறும் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தை நடத்தும் யுவராணி என்னிடம் வந்து, புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார். சைக்கிளை எப்படித் தயார் செய்வது, கூட்டத்தோடு எப்படிப் பத்திரமாகப் போவது, அவ்வளவுதான். பத்து வரி போதும் என்றார். பத்து வரியில் நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் ஏன் எழுத்தாளனாகப் போகிறேன்?

இருந்தாலும் உட்கார்ந்தேன்.

'டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கினால் காற்றடியுங்கள். செயினுக்கு எண்ணெய் விடுங்கள். ஹெல்மெட் வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், மூன்று கூடாது. ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு சைக்கிள் நீளம் விடுங்கள். குழியைக் கண்டால் கையால் காட்டி, வாயாலும் சொல்லுங்கள். எக்காரணம் கொண்டும்...'

அங்கே பேனா நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தக் கடைசி வரி நோட்டீசில் வரக் காரணமானவரே வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் எழுதுவதாக யுவராணி அவரிடம் சொல்லியிருக்கிறார். பெயர் ஞானபாக்கியம்.

2

அவரை எப்படி அறிமுகம் செய்வது என்று மூன்று நாள் மல்லுக்கட்டினேன்.

'மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் மெல்ல எழ, ஞானபாக்கியம்...' (தேனிக்காரன் எழுதுகிற வாக்கியமா இது? இங்கே சூரியன் அந்தப் பக்கம் விழுமே தவிர எழாது.)

'ஞானபாக்கியத்துக்கு வாழ்க்கையே ஒரு சைக்கிள் பயண...' (யாருக்கும் அப்படி இல்லை. அடித்துவிட்டேன்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவர் தையல் டீச்சர். வயது ஐம்பத்தொன்று. முட்டி வலிக்குச் சைக்கிள் நல்லது என்று டாக்டர் சொன்னதும் ஒன்றை வாங்கி, தெருவிலேயே விழுந்து எழுந்து கற்றுக்கொண்டு, இரண்டாவது மாதமே கூட்டத்தில் சேர்ந்தவர். ஞாயிறு மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் சேலையிலிருந்து சுடிதாருக்கு மாறி, எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார்.

என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"பிச்சைமணி அண்ணனுக்கு நான் நன்றி சொல்லணும் சார். அவுக சொல்ல விடமாட்டேங்கிறாக. நீங்க எழுதுனா படிப்பாகள்ல?"

3

பிச்சைமணி எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். நாற்பது வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறார். (முதல் பிரதியில் அவருக்கு முறுக்கு மீசை வைத்திருந்தேன். அவருக்கு மீசையே கிடையாது. வீரம் என்று எழுத வந்தாலே என் கை மீசையைத் தேடிப் போய்விடுகிறது.)

இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிளம்பும் முன் தன் சைக்கிளைத் தானே சோதிக்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவருடையதைத்தான் சோதிக்க வேண்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு இல்லையா, அதனால்தான் என்பார் யுவராணி.

அந்த ஆனி மாத ஞாயிறு பிச்சைமணியின் சைக்கிள் ஞானபாக்கியத்திடம் வந்தது. நாற்பது வருடக்காரரின் வண்டியை இரண்டு மாதக்காரர் பார்ப்பதா என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் குனிந்து பார்த்தார், தடவிப் பார்த்தார், பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது என்றார். தினம் கத்தரிக்கோலும் ஊசியுமாக இருப்பவருக்குத் தேய்ந்த விளிம்பு தெரியாதா? இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்று பிச்சைமணி சொல்லியும் விடவில்லை. யுவராணி பையிலிருந்த புதுக் கட்டையை எடுத்து மாட்டி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. கூட்டம் முழுக்கக் காத்து நின்றது. பிச்சைமணியின் முகம் சிவந்து கிடந்தது.

இதை என்னிடம் சொல்லும்போது ஞானபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டார். பத்துப் பேர் முன்னால் அந்த மனிதரைச் சிறுமைப்படுத்திவிட்டோம், அந்தக் கோபம்தான் அவருக்கு இன்னும் தீரவில்லை, அதனால்தான் தன் முகத்தைக்கூடப் பார்க்க மறுக்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

4

இனி நடந்தது. தேவாரம் ஊரைத் தாண்டிப் பண்ணைப்புரத்தை நோக்கி வரிசையாகப் போகிறார்கள். சின்ன இறக்கம். சைக்கிள்கள் தாமாகவே ஓடுகின்றன. ஞானபாக்கியத்துக்குப் பின்னால் பிச்சைமணி. சாலையோரத்தில் ஒரு மாதா கெபி.*

அதைக் கண்டதும் ஞானபாக்கியத்தின் வலது கை ஹேண்டில்பாரை விட்டு நெற்றிக்குப் போனது. சிறு வயதிலிருந்து பழகிய கை, யாரைக் கேட்கும்? கை நெஞ்சுக்கு இறங்கும்போது கண்ணும் மூடிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து ஆனிக்காற்று ஓங்கி ஓர் அறை விட்டது. சைக்கிள் திரும்பியது. அவர் நடுச்சாலையில் மல்லாக்க விழுந்தார்.

கண்ணைத் திறந்தபோது முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிச்சைமணி சைக்கிளின் டயர் நின்றிருந்தது. அதன் பள்ளத்தில் சிக்கிய சிறு கல்கூடத் தெரிந்ததாம்.

(ஆக, நோட்டீசின் கடைசி வரி: 'எக்காரணம் கொண்டும் ஓடுகிற சைக்கிளில் சிலுவை போடாதீர்கள், கன்னத்திலும் போட்டுக்கொள்ளாதீர்கள். நிறுத்தி, இறங்கி, இரண்டு காலையும் ஊன்றிக் கும்பிடுங்கள். சாமி காத்திருக்கும்.')

* மாதா சொரூபம் வைத்த சிறு குகை. கூகுள் வரைபடத்தில் தேட வேண்டாம். பண்ணைப்புரத்துச் சாலையில் அதைப் பேனாவால் கட்டியவன் நான்.

5

அதன்பின் அவர் நன்றி சொல்லப் போன கதை தனி. முதல் வாரம் வாயைத் திறந்ததும் பிச்சைமணி பஞ்சர் பார்க்கக் குனிந்துவிட்டார். அடுத்த வாரம் அதிரசம் கொண்டுபோனார். வாங்கித் தின்றுவிட்டு மனிதர் மாயமாகிவிட்டார். ஒரு பை தைத்துக் கொடுத்தார். அது டீக்கடை பெஞ்சிலேயே கிடந்தது. "எனக்கு உசுரு குடுத்தவுககிட்ட ஒரு வார்த்த சொல்ல முடியலையே சார்," என்றார்.

கதையை ஓர் எழுத்தாள நண்பரிடம் சொன்னேன். எல்லோரும் பிழைத்துக்கொண்டால் கதை எங்கே இருக்கிறது, அந்த டயர் இன்னும் ஒரு சாண் ஓடி நின்றிருக்க வேண்டும் என்றார். எழுதியும் பார்த்தேன். 'டயர் நிற்கவில்லை. அது அவருடைய...'

மாட்டேன். உயிரோடு என் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போன பெண்ணை, ஒரு நல்ல முடிவுக்காக நான் கொல்வதா? அவர் இருக்கிறார் என்பதில் எனக்கே அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

6

வேறு வழியில்லாமல் நானே பிச்சைமணியின் கடைக்குப் போனேன். நான் சொன்னதையெல்லாம் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டார். பிறகு கம்பியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பழைய கட்டையோட போயிருந்தா அன்னைக்கு டீச்சர் தலையில ஏத்தியிருப்பேன் சார். அவுக மாத்தச் சொன்னப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா? தையல் மிசின நீங்க பாருங்க, சைக்கிள நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன். அத்தன பேரு முன்னாடியும் சொன்னேன். இப்ப அவுக எங்கிட்ட வந்து நன்றி சொன்னா, நான் மூஞ்சிய எங்கன கொண்டுபோயி வைக்கிறது? என்னையக் கொலகாரன் ஆகாமக் காப்பாத்துனது அவுக."

அப்படியானால் அதை அவரிடமே சொல்ல வேண்டியதுதானே என்றேன். வாய் வரவில்லை என்றார். நினைத்தாலே கால் தானாகப் பெடலுக்குப் போய்விடுகிறதாம். டீச்சரிடம் இதைச் சொல்லிவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

(தையல் மிசினைப் பற்றி அவர் பேசிய பேச்சை ஞானபாக்கியம் என்னிடம் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். திரும்பிப் போய் மூன்றாம் பகுதியில் சேர்த்துவிடலாமா என்று யோசித்தேன். அவர் மறைத்ததை மறைத்தபடியே விட்டேன்.)

7

சத்தியத்தை மீறினேன். ஞானபாக்கியத்தை உட்காரவைத்து முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். சூரியனுக்குச் சிரித்தார். மாதா கெபிக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். ஆறாம் பகுதி வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அழுதார். கோபமில்லையா, அண்ணனுக்கு என் மேல் கோபமில்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். போய் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன்.

"நான் சொல்லப் போகல சார். அவுக சொல்லுறத உக்காந்து கேக்கப் போறேன்."

8

அவரோடு நான் போகவில்லை. கூப்பிட்டார்தான், ஆனால் நான் போயிருந்தால் எழுதியிருப்பேன்.

ஆகவே இந்தப் பகுதியை உங்களிடம் தருகிறேன். கடைக்குள் நுழைந்ததும் ஞானபாக்கியம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். பிச்சைமணி நிமிர்ந்து பார்க்கிறார். என்ன சொல்கிறார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். திக்கினாலும் பரவாயில்லை, பாதியில் நின்றாலும் பரவாயில்லை. ஒன்று மட்டும்: வாசலில் பிச்சைமணியின் சைக்கிள் நிற்கும். மனிதர் பேசி முடிக்கும்வரை அதை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.