வாய் நடுவே ஒரு வெட்டு

“வெட்டினா அது செத்துடும்னு நான் சொல்லல. வெட்டினா நான் செத்துடுவேன்னு சொல்றேன்,” என்றான் ரீங்க்.

“நீ போயிட்டா அந்தத் தொட்டில தக்காளி போட்டுக்கறேன். நல்ல விளக்கு, வீணாப் போகக் கூடாது பாரு.”

“கேட்டியா சீட்ஸ்கே? இவகூடத்தான் நான் குடித்தனம் பண்றேன்.”

சீட்ஸ்கேவுக்குச் சிரிப்பு வரவில்லை. ரீங்க்கின் மனைவி ஹில்ட்யா ஊற்றிக் கொடுத்த காப்பி அவள் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சர்க்கரைக் கட்டிகள் பதித்த ரொட்டி, அதன்மேல் விரல் கனத்துக்கு வெண்ணெய். மழையில் ஹார்லிங்கனிலிருந்து ஃப்ரானகர் வரை அவள் வண்டி ஓட்டி வந்தது ரொட்டி தின்பதற்கு அல்ல. ரீங்க்கின் தொட்டியில் இருக்கும் கடல்சாமந்தியில் பாதியைக் கேட்டு வந்திருந்தாள். பூப்போல விரிந்து கல்லில் ஒட்டி வாழும் கடல் உயிர் அது, சரியாக வெட்டினால் இரண்டாகப் பிழைக்கும்.

கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. அந்தச் சாமந்தியே ஒரு காலத்தில் அவள் தொட்டியில் இருந்ததன் பாதிதான். பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் நடக்கும் போத்துச் சந்தையில், பவளத்தையும் சாமந்தியையும் கிள்ளிக் கொண்டுவந்து ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளும் அந்தக் கூட்டத்தில், தண்ணீர்ப் பையில் கட்டி ரீங்க் கையில் கொடுத்தவள் அவள்தான். ‘கொடுத்ததுதான் மிச்சம்’ என்பது கடல்தொட்டிக்காரர்களின் வேதவாக்கு. உன் வீட்டுத் தொட்டி ஒருநாள் கெட்டுப்போனால், நீ கொடுத்தவன் வீட்டில் உன்னுடையது உயிரோடு இருக்கும். நீ போய்க் கேட்டால் அவன் இல்லை என்று சொல்லக் கூடாது.

அவள் தொட்டி கெட்டுப்போய்விட்டது. அதுவும் சுத்தம் பார்க்கப் போய்க் கெட்டது. பம்பைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டுத் தேய்த்தாள். பம்பின் வாயை மூடியிருக்கும் ஸ்பாஞ்சை அலசிச் சமையலறை ஜன்னலில் காயவைத்தாள். பம்பை மட்டும் திரும்ப மாட்டினாள். வருஷக்கணக்காக ஒரே கல்லில் உட்கார்ந்திருந்த சாமந்தி நகரும் என்று யார் கண்டது? அன்றைக்கென்று அதற்கு என்ன தோன்றியதோ, கல்லை விட்டு ஊர்ந்தது, பம்பின் வாய்க்கே போய் அரைபட்டது. காலையில் எழுந்து பார்த்தபோது தொட்டி முழுவதும் பால்போல் வெளுத்துக் கிடந்தது. சாமந்தியின் விஷத்தில் மற்றவையெல்லாம் மிதந்தன. பிழைத்தது சாமந்தியின் விரல்களுக்குள்ளேயே குடியிருந்த கிழட்டுக் கோமாளி மீன் ஒன்றுதான். அது இப்போது வாளியில், கண்ணாடி துடைக்கிற காந்தக்கட்டையின்மேல் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கிடக்கிறது. அந்தக் கட்டையில் விரல்கள் முளைக்கும் என்று காத்திருப்பதைப் போல.

“உன்னோடது இருந்தப்ப கேட்டிருந்தா கண்ண மூடிட்டு வெட்டியிருப்பேன்,” என்றான் ரீங்க். கால்வாய்ப் பாலத்தைக் கப்பல்களுக்காகத் தூக்கி இறக்குகிற வேலை அவனுக்கு. எதையும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவான். “இப்ப இது ஒண்ணே ஒண்ணு. தப்பாப் போச்சுன்னா உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. முழுசாவே எடுத்துட்டுப் போயேன்?”

“என் தொட்டித் தண்ணி இன்னும் பழகல. முழுசாக் கொண்டுபோய் முழுசாக் கொல்லவா?”

“அப்ப இருக்கட்டும். அடுத்த வருஷம் பாப்போம்.”

“நான் பாக்கலாமா?” என்று எழுந்தாள் சீட்ஸ்கே.

கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது தொட்டி. வெளியே சாம்பல் நிற மதியம். உள்ளே நீல வெளிச்சம், அதன் நடுவில் ஒரு கல்லின் மடிப்பில் அது விரிந்திருந்தது. தேன் நிற உடம்பு. நுனி ஊதிய விரல்கள், ஒவ்வொரு நுனியிலும் ரோஜாச் சாயம். தண்ணீர் அசையும்போதெல்லாம் மொத்த விரலும் ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, திரும்பி வந்தது. வாயின் ஒரு ஓரம் மட்டும் சற்று இறங்கி, எதையோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல இருக்கும் அந்த மடிப்பு. அவள் காலையில் காப்பியோடு நின்று பார்த்துப் பார்த்துப் பழகிய வாய்.

தான் செத்ததென்று அள்ளிக் கொட்டியது அங்கே உட்கார்ந்திருந்தது.

அதன் பிள்ளை இல்லை. தங்கையும் இல்லை. அதுவேதான். மனிதர்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. செத்தவரைப் பக்கத்து ஊரில் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. இவளுக்கு அதைக் கொடுத்தவர் டென் ஹெல்டரில் இருந்த ஒரு கப்பல் சமையல்காரர். அவருக்குக் கொடுத்தவள் யாரோ. அந்த யாரோவுக்கும் முன்னால் ஒரு கை, ஒரு கத்தி. போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் ஒரு வெப்பக் கடல், ஒரு பாறை, அதில் இதே வாய். அதற்கு வயது என்ன என்று கேட்டால் யாரிடம் பதில் இருக்கிறது? இந்த நிமிஷம் அது எத்தனை வீட்டுக் கூடங்களில், எத்தனை பேரின் மழை மதியங்களில் விரிந்துகொண்டிருக்கிறதோ. நட்சத்திரங்களைப் பார்த்தால்கூட அவளுக்கு இப்படித் தலை சுற்றியதில்லை. நட்சத்திரம் தொலைவில் இருக்கிறது. இது கையெட்டும் தூரத்தில் இறாலுக்கு வாய் திறக்கிறது.

“அழுதா தொட்டிக்கு வெளிய அழு,” என்றாள் பின்னால் வந்த ஹில்ட்யா. “உப்பு அளவு மாறிடும், அப்புறம் இவன் என் உயிர வாங்குவான்.”

சீட்ஸ்கே அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னாள்: “ரீங்க், உன் வீட்டுலயும் ஸ்பாஞ்ச் இருக்கு. என்னிக்காவது ஒருநாள் அதுவும் ஜன்னல்ல காயும்.”

“நான் மறக்க மாட்டேன்.”

“நான் மட்டும் மறப்பேன்னு நினைச்சேனா? ஒரே வீட்டுல இருக்கற வரைக்கும் இது பொழச்சிருக்குன்னு சொல்லாத. இன்னும் சாகலன்னு சொல்லு.”

ரீங்க் தொட்டியை ஒரு முறை பார்த்தான், இன்னொரு முறை பார்த்தான். பிறகு சமையலறைக்குப் போனான். குளிர்பெட்டியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கைநிறைய ஐஸ் கட்டிகளோடு வந்தான்.

“நான் பிடிச்சுக்கறேன். வெட்டறது நீதான்.”

கல்லை மெல்ல வெளியே தூக்கி, சாமந்தி ஒட்டியிருந்த இடத்துக்கு நேர் பின்னால் ஐஸை வைத்து அழுத்தினான். குளிர் கல்லுக்குள் இறங்கியதும் கல்லைப் பற்றியிருந்த அதன் பாதம் முதலில் ஓரத்தில் உரிந்தது. பிறகு, பிடிவாதக்காரர்கள் மனசு மாறுகிற மாதிரி, மொத்தமாக விட்டுவிட்டது. தொட்டித் தண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தட்டில் அது வந்து விழுந்தது.

“அது என் ஆப்பிள் கேக் தட்டு,” என்றாள் ஹில்ட்யா.

“இனிமே இதுக்குத்தான்.”

“அப்படியா? ஞாயித்துக்கிழமை உன் தங்கச்சி வர்றா. இதிலயே கேக் பண்ணிக் கொடுக்கறேன்.”

கையுறை போட்டுக்கொண்டு சீட்ஸ்கே அதை ஒரு வெட்டுப்பலகைக்கு மாற்றினாள். வெளிச்சமும் தண்ணீரும் இல்லாத இடத்தில் அது ஒன்றுமில்லாதது போல ஆகிவிட்டது. கசக்கிப் போட்ட ஈரத் துணி. பாய்மரத் துணி வெட்டிப் பிழைக்கிறவள் அவள். நேர்கோடு அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் கத்தியை எடுத்தபின் மறுபடி ஒருமுறை கண்ணால் அளந்தாள். அறுக்கக் கூடாது, ஒரே அழுத்து. வாயின் நடுவில் விழ வேண்டும். வாயில் பங்கு கிடைக்காத பாதி பிழைப்பது அரிது.

விரல்களை விலக்கினாள். அந்த இறங்கிய ஓரம் தெரிந்தது. கத்தியை அதன் நடுவில் வைத்தாள். ரீங்க் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஹில்ட்யா திருப்பவில்லை.

அழுத்தினாள்.

சத்தமே இல்லை. ரத்தமும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் அதிர்ந்து, வெட்டுப்பட்ட ஓரங்களை உள்பக்கம் சுருட்டிக்கொண்டன. கத்தி இன்னும் பலகையில் பதிந்திருந்தது. அதன் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு நொடி முன்னால் அது ஒன்று. எந்த இடத்தில் அது போனது, எந்த இடத்தில் இவை வந்தன? அப்படி ஓர் இடம் இருந்தால் கத்தி அதைத் தொட்டிருக்க வேண்டுமே. அவள் கை எதையும் உணரவில்லை.

“ஐயோ கடவுளே,” என்றாள் ஹில்ட்யா மெதுவாக. முதல் முறையாக அதில் கிண்டல் இல்லை.

இரண்டையும் வலைப்பெட்டிகளில் போட்டு ரீங்க்கின் தொட்டியிலேயே இறக்கினார்கள். காயம் ஆற வேண்டுமானால் பழகிய தண்ணீர் வேண்டும். விளக்கின் நீலத்தில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டும் அழுக்கு உருண்டைகள். பிறகு இடது பெட்டியில் ஒரே ஒரு விரல் நீண்டு, நுனி ஊதி, ரோஜா நிறம் ஏறியது. வலது பெட்டியிலும் ஒன்று நீண்டது. இரண்டு விரல்களும் தண்ணீர் அசைந்தபோது ஒரே பக்கம் சாய்ந்து, யோசித்து, திரும்பின. இரண்டு பெட்டிகள், ஒரே யோசனை.

கையெடுத்துக் கும்பிடுகிற பழக்கம் அந்த ஊரில் இல்லை. அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் கோத்து இறுக்கிக்கொண்டாள்.

“இடதுல வாய் கொஞ்சம் ஜாஸ்தி விழுந்திருக்கு,” என்றான் ரீங்க்.

“தெரியுது.”

“வலதுல பாதம் பெருசு.”

“அதுவும் தெரியுது.”

அவன் எழுந்து போய் அலமாரியைத் துழாவி, துணி உலர்த்தும் கவ்வி ஒன்றைக் கொண்டுவந்தான். சிவப்புக் கவ்வி. அதை அவள் பக்கம் நீட்டினான்.

“ரெண்டும் பொழைக்கலாம். ஒண்ணு போயும் போகலாம். போச்சுன்னா, போனது யாரோடதுன்னு அப்புறம் நான் முடிவு பண்ண முடியாது, சீட்ஸ்கே. எனக்கு அந்தத் தைரியம் இல்ல. இப்பவே, ரெண்டும் உயிரோட இருக்கும்போதே, உன்னோடது எதுன்னு அந்தப் பெட்டில இதை மாட்டிடேன்.”