நமக்கு எதிரான தீர்ப்பு

மார்ச் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை. மாவட்ட நீதிமன்றத்தின் இரண்டாம் மாடி, நான்காம் எண் அறை. அன்றைய பட்டியலில் பதினேழாவதாக ஒரு சலவைக் கடைக்காரரின் மேல்முறையீடு இருந்தது.

கட்டிடக்காரரின் சொந்த உபயோகத்துக்கென்று கடையைக் காலி செய்யச் சொல்லிக் கீழ்க்கோர்ட் உத்தரவிட்டிருந்தது. அந்த உத்தரவுக்கு இன்று தடை வாங்காவிட்டால் திங்கட்கிழமை கட்டிடக்காரர் பூட்டுப் போட்டுவிடுவார். கடைக்காரர் கடைசி பெஞ்சில், கஞ்சி போட்ட சட்டையில், சட்டையைவிட விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

அவருடைய வக்கீலம்மா வேறொரு கோர்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். வந்தது ஜூனியர்கள் இரண்டு பேர். ஒருவன், மூச்சுவிடாமல் பேசுவதால் 'ரயில்' என்று பெயர் வாங்கியவன். மற்றவள் சட்டத்தில் முதுகலை முடித்துவிட்டுச் சில மாதங்களாக அந்த அலுவலகத்தில் வழக்குக் கட்டுத் தூக்கிக்கொண்டிருப்பவள். அவளை எல்லோரும் 'முதுகலை' என்றே கூப்பிட்டார்கள்.

"எனக்குக் கீழ ஜாமீன் மனு இருக்கு, நீதான் எந்திரிக்கணும்," என்றான் ரயில். "மேடம் மத்தியானம் வந்துருவாங்க. அதுவரைக்கும் தள்ளி வைக்கச் சொல்லிக் கேளு, போதும். ஆய்வுக்கட்டுரை வாசிச்சுராதே தாயே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். இதுவரை அவள் கோர்ட்டில் வாய் திறந்ததெல்லாம் தேதி கேட்பதற்குத்தான்.

அப்பா போனில் வந்தார். வராந்தாவுக்குப் போய் எடுத்தாள்.

"கையெழுத்துப் போட்டியாம்மா?"

"அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குப்பா."

"நல்ல காரியத்தத் தள்ளிப் போடாதே. மாசம் பொறந்தா சம்பளம். ஊர்ல எத்தனை பேருக்குக் கிடைக்குது?"

சட்டக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. நியமன உத்தரவு வந்து கிடக்கிறது. இன்று மாலைக்குள் சேர வேண்டும். சேர்ந்தால் வக்கீல் பதிவை நிறுத்தி வைக்க வேண்டும். அதன்பிறகு வகுப்பறைதான், கோர்ட் இல்லை. கூடப் படித்தவர்களில் ஒருத்தி ஒரு கம்பெனியில் ஒப்பந்தங்களைத் திருத்துகிறாள். இன்னொருவன் நீதிபதித் தேர்வை மூன்றாவது முறையாக எழுதிவிட்டு நகம் கடித்துக்கொண்டிருக்கிறான். இவள் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். தனக்குக் கோர்ட் வருமா வராதா என்று தெரிந்துவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பதினேழைக் கூப்பிட்டார்கள்.

"ஐயா, சீனியர் வேற கோர்ட்ல இருக்காங்க. மத்தியானம்…"

"மத்தியானம் நான் இல்லை," என்றார் நீதிபதி. "ரெண்டு வாரம் விடுப்பு. வக்காலத்துல உங்க பேரும் இருக்கே? பேசுங்க. இல்லைன்னா தள்ளுபடி."

முதுகுக்குப் பின்னால் கடைக்காரர் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது.

வழக்கு அவளுக்குத் தெரியும். மனுவை எழுதியவளே அவள்தான். ஆனால் வாயைத் திறந்ததும் முதுகலைப் படிப்பின் இரண்டு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. கட்டுரையில் மாற்றுக் கருத்தை முதலில் வைக்க வேண்டும், பிறகுதான் தன் கருத்து. அதைத் தவறவிட்டால் அவளுடைய ஆய்வு வழிகாட்டி சிவப்பு மையில் சுழிப்பார்.

"ஐயா, இந்த விஷயத்துல நமக்கு எதிரா உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒண்ணு இருக்கு," என்று ஆரம்பித்தாள். வருடம், பக்கம், பத்தி எல்லாம் சொன்னாள். வாடகைதாரர் ஏன் தோற்றார் என்பதைத் தெளிவாக, வரிசையாக விளக்கினாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கேள்விப்பட்டதே இல்லை போலிருந்தது. தன் ஜூனியரின் விலாவில் இடித்து, "எழுதிக்கோ, எழுதிக்கோ," என்றார். பிறகு சாவகாசமாக எழுந்தார்.

"எனக்கு வேலையே இல்லைங்க ஐயா. தங்கச்சி நம்ம பக்கம் வந்துட்டாங்க."

அறை சிரித்தது. தட்டச்சர்கூடத் தலை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, நீங்க யாருக்கு ஆஜராகுறீங்க?" என்றார் நீதிபதி.

கையிலிருந்த காகிதத்தில் எழுத்துகள் ஊர்ந்தன. கல்லூரிக்குப் போய்விடலாம், இப்படியே இறங்கி நடந்துவிடலாம் என்று தோன்றியது. பின்னால் கடைக்காரர் "கடவுளே" என்றது தெளிவாகக் காதில் விழுந்தது.

"கடைக்காரருக்குத்தான் ஐயா. நான் இன்னும் முடிக்கலை." "அந்த வழக்குல வாடகைதாரர் வாடகையே கட்டலை. இவர் மாசாமாசம் பேங்க்ல கட்டியிருக்கார். அங்க கட்டிடக்காரருக்கு வேற இடம் கிடையாது. இங்க அதே தளத்துல ரெண்டு கடை காலியாக் கிடக்கு, கோர்ட் அனுப்பிப் பார்க்கச் சொன்ன கமிஷனர் அறிக்கையிலயே இருக்கு. அதனால அந்தத் தீர்ப்பு இவருக்குப் பொருந்தாது."

நீதிபதி அறிக்கையைப் புரட்டினார். எதிர்த்தரப்பைப் பார்த்து, "கடை காலியா இருக்கா, இல்லையா?" என்றார். பதில் சுற்றி வளைத்து வந்தது. பேனா வெகுநேரம் எழுதியது.

மேல்முறையீடு முடியும்வரை தடை.

வராந்தாவில் கடைக்காரர் அவளைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, சும்மா போற ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்குவாங்களா? அந்தாளுக்கே தெரியாத தீர்ப்பை நீ எதுக்கு எடுத்துக் குடுத்தே?"

"தடை கிடைச்சுருச்சேங்க."

"கிடைச்சுது. என் உயிர் போய்ட்டுத் திரும்பி வந்துச்சு. அடுத்த வாட்டியும் திரும்புமா?"

மத்தியானம் சீனியரின் அறையில், அவளை வைத்துக்கொண்டே, கடைக்காரர் இதை இன்னும் சத்தமாகச் சொன்னார். கடையை அடைத்துவிட்டு வந்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பியும் விட்டார். சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எதிரான தீர்ப்பைச் சொன்னது தப்பில்லை. ஆனா அவர் பயந்துட்டார். இந்த வழக்குல இனிமே ரயில் நிக்கட்டும். எழுத்து வாதம் நீ தயார் பண்ணு."

"மேடம், இன்னைக்குக் காலேஜ்ல…"

"தெரியும். அது உன் இஷ்டம். நான் போன்னும் சொல்ல மாட்டேன், இருன்னும் சொல்ல மாட்டேன்."

ரயில் கதவோரமாக நின்றுகொண்டு, "போனா எங்களுக்கு டீ வாங்கிக் குடுத்துட்டுப் போ," என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அவள் மேசைக்கு வந்து கட்டைப் பிரித்தாள். நிற்கத் தெரியும் என்று தெரிந்துவிட்டது. நிற்க விடுவார்களா என்பதுதான் தெரியவில்லை. நாலரை மணிக்கு அப்பா மறுபடி அழைத்தார்.

"நான் போகலைப்பா."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சா போயிடுவேன்பா."

ஐந்து மணிக்குக் கல்லூரி அலுவலகம் மூடப்பட்டது. விரிவுரையாளர் இடம் பட்டியலில் அடுத்திருந்தவருக்குப் போனது. திங்கட்கிழமை சலவைக் கடை திறந்திருந்தது. மேல்முறையீட்டின் அடுத்த விசாரணையில் கடைக்காரருக்காக ரயில் ஆஜரானான்.