சலவைக்கூடத்தைப் பார்த்த ஜன்னல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பேர் கொட்டாவி. படுக்கை விரிப்பை நீட்டி மடிக்கும்போதே வாய் பிளந்துவிடும். எதிர்முனையைப் பிடித்திருப்பவளுக்கும் தொற்றிக்கொள்ளும். என்ன செய்வாள், சொல்லுங்கள்? ரெண்டு பஸ் மாறி வரவேண்டிய வேலை. கிளம்பும்போது மகள் தூங்குவாள், திரும்பும்போதும் தூங்குவாள். பிள்ளையை முழித்த கண்ணோடு பார்ப்பதே வார விடுமுறையில்தான்.

அதனால்தான், சலவைக்கூடத்தை ஒட்டி ஓர் அறை காலி என்றதும், விடுமுறையென்றும் பாராமல் புருஷனையும் மகளையும் இழுத்துக்கொண்டு பார்க்க வந்துவிட்டாள். மாடியில் தீப்பெட்டி மாதிரி ஒரு அறை. வாடகையோ அவள் சம்பளத்தில் பாதியை விழுங்கிவிடும்.

“சமையக்கட்டுல ரெண்டு பேர் நின்னா, ஒருத்தர் மூச்சை வெளிய விட்டுட்டுதான் வரணும்,” என்றான் புருஷன்.

“நீங்க என்ன சமைக்கவா போறீங்க? பாப்பாவோட தினம் பேசலாம்ங்க. எனக்கு அது போதும்.”

“உனக்குச் சரின்னா சரிதான்மா. எப்படியாவது சமாளிப்போம்.”

அவன் சம்மதித்த சந்தோஷத்தில் பின்பக்க ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள். அங்கேதான் கெட்டது காரியம். கீழே முற்றத்தில் சூப்பர்வைசரம்மா நின்றிருந்தாள்.

“அடடே, கொட்டாவியா! இங்கயா குடி வரப்போறே? நல்லதாப் போச்சு. இன்னிக்கு ஒருத்தி வரலை, துணி மலையாக் கிடக்கு. ஒரு எட்டு வந்து மடிச்சுக் குடுத்துட்டுப் போ. பக்கத்துலதானே!”

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவேண்டுமே. “இதோ வந்துடறேங்க” என்று இறங்கினாள்.

ஒரு எட்டு என்று போனவள் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. வெறுந்தரையில், அப்பாவின் மடியில் தலைவைத்து மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தினமும் பார்க்கிற அதே மூடிய கண்.

அவள் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

“வீட்டுக்காரம்மாகிட்ட என்ன சொல்லட்டும்?” என்று மெல்லக் கேட்டான்.

“வேண்டாம்னு சொல்லிடுங்க. ஜன்னல் சரியில்லைன்னு சொல்லுங்க.”

பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் கிடைத்தது. அவள் மடியில் விழித்துக்கொண்ட மகள், பள்ளிக்கூடத்துக் கதையை அவிழ்த்துவிட்டாள்.

“அம்மா, தூங்காதே. கேளு!”

“கேட்டுக்கிட்டுத்தான்டி இருக்கேன், கண்ணு...” சொல்லி முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிட்டது. அது மகளுக்கும் தொற்றிக்கொண்டது.

கம்பியைப் பிடித்து நின்றிருந்த புருஷன் மட்டும், இறங்கும் இடம் தவறிவிடாமல் முழித்துக்கொண்டு வந்தான்.