கணக்கில் வராத கவ்வாத்து

"நாலு தடவை வெட்டியிருக்கேங்க" என்றான் வீரய்யா.

அந்த ஒரு பதிலில் அவனுடைய பிரஜாவுரிமை போய்விட்டது. அவனுக்கு அது அப்போது தெரியாது.

1955, நுவரெலியா. விசாரணை அறைக்கு வெளியே காலை எட்டு மணியிலிருந்து நின்றவனை மூன்று மணிக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். பின்னால் பெஞ்சில் மனைவி நாகலெட்சுமி. மேசைக்கு அந்தப் பக்கம் சிங்கள அதிகாரி. அவர் கேட்பதைத் தமிழில் சொல்ல யாழ்ப்பாணத்து நாகரத்தினம்.

பிரஜாவுரிமை வேண்டுமானால், 1939 பிறக்கும் முன்பே வீரய்யா இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்துவிட்டான் என்று காட்ட வேண்டும். வந்தது உண்மை. காட்டத்தான் காகிதம் இல்லை. தோட்டத்து ஆபீஸ் கூரை ஒழுகி, பேர் பதியும் பழைய செக்ரோல் எல்லாம் மக்கிப்போயிருந்தது. மிஞ்சியது கவ்வாத்துப் புத்தகம் ஒன்றுதான். எந்த மலையில் எந்த வருஷம் தேயிலைச் செடியை வெட்டிக் குட்டையாக்கினார்கள் என்பது அதில் இருந்தது.

"எந்த வருசம் இஞ்ச வந்தனீர்?"

"வருஷம் தெரியாதுங்க. ஏழாம் நம்பர் மலையில கவ்வாத்து நடந்துச்சு."

"மூத்த பிள்ளை எப்ப பிறந்தது?"

"மூணாம் நம்பர் கவ்வாத்தப்பங்க."

"உங்களுக்குக் கலண்டரே இல்லையோ?" என்றார் நாகரத்தினம்.

"அது ஆபீசுல மாட்டியிருக்குங்க. எங்களுக்கு மலைதான்."

அதிகாரி கொட்டாவியை அடக்கிக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினார். ஏழாம் நம்பர் மலை: 1938, 1942, 1946, 1950, 1954.

"அந்த மலையை நீர் எத்தினை தரம் வெட்டினனீர்?"

அதற்குத்தான் நாலு என்றான், கொஞ்சம் பெருமையாகவே.

அதிகாரியின் விரல் கீழிருந்து மேலே ஏறியது. நாலாவது வரியில் நின்றது. 1942. எழுதினார். நாகரத்தினம் மைப்பெட்டியை நகர்த்தினார். வீரய்யா ரேகை வைத்தான்.

"நாப்பத்திரண்டிலதான் வந்திருக்கிறீர். மனு தள்ளுபடி."

நாகலெட்சுமி எழுந்துவிட்டாள். "ஏங்க, மொத தடவை மிலாறு பொறுக்குனீங்களே, அதச் சொல்லலையா?"

வெட்டிப் போட்ட கிளைதான் மிலாறு. புதிதாக வந்தவனுக்கு யாரும் கத்தி தருவதில்லை. அந்தச் சுற்று முழுவதும் மிலாறு பொறுக்க வேண்டியதுதான். கங்காணி கையில் கத்தி கொடுக்கும் நாளிலிருந்துதான் அவன் வெட்டின கணக்குத் தொடங்கும். 1938இல் வீரய்யா பொறுக்கினான்.

நாகரத்தினம் அதை அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி பேனாவை மூடிவிட்டுத்தான் காதுகொடுத்தார்.

"அப்ப ஏன் அஞ்சு எண்டு சொல்லேல்லை?" என்று வீரய்யாவிடம் திரும்பினார் நாகரத்தினம்.

"பொறுக்குனத வெட்டுனேன்னு எப்படிங்க சொல்றது? மலையில சிரிப்பாங்க."

"ரேகை வச்சாச்சு. இனி மாத்தினால் பொய் எண்டுதான் எடுப்பினம். அப்பீல் போடும். அந்த வருசம் உம்மோட நிண்ட ஒரு சாட்சியைக் கூட்டிக்கொண்டு வாரும்."

அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

பஸ் நிலையத்தில் தூறல். உட்கார இடமில்லை. நாகலெட்சுமி சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"அஞ்சுன்னு ஒரு வார்த்தை. வாய் தேஞ்சா போயிரும்?"

"வெட்டல புள்ள."

"சரி, அப்ப கூட இருந்தது யாரு? உசுரோட இருக்காங்களா?"

வீரய்யா விரல் விட்டு எண்ணினான். ஒருவன் இந்தியாவுக்கே கப்பலேறிவிட்டான். இருவர் செத்துவிட்டார்கள்.

"மாயாண்டிக் கங்காணி இருக்காரு. கந்தப்பளையில, மக வீட்டுல. அவருதான் எனக்குக் கத்தி குடுத்தவரு."

"அப்ப அவரு போதுமே."

"போதாது. அவருகிட்ட கேட்டாலும் நாலுன்னுதான் சொல்லுவாரு. அவரு குடுக்காத கத்தியில நான் எப்படி வெட்டியிருப்பேன்?"

நாகலெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பில்லை. உடப்புசல்லாவை பஸ் வந்து நின்றது. அவள் முதலில் ஏறினாள்.

"கந்தப்பளையில எறங்கிருவோம். வெட்டுன கதைய அவரு பேசவேணாம். பொறுக்குன கதைய மட்டும் பேசச் சொல்லணும். பத்து தடவை சொல்லிக்குடுத்தாலும் சரி."

வீரய்யா கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரிடம், "கந்தப்பளைக்கு ரெண்டு" என்றான்.