வந்து எடுத்துக்கட்டும்

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க நல்ல படம் ஒன்று தேடித் திறந்தபோதுதான் கிரிகரியின் லாப்டாப் டக் டக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. பெர்னடெட் பயந்து கையை எடுத்துக்கொண்டாள். கிளாங் வீட்டின் முன்கூடத்தில் அவள் கணவர் கிரிகரி வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தார். சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொன்னவர்கள் ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்கள்.

துக்கத்துக்கு வந்திருந்த தனேஷ் எழுந்து வந்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். கிரிகரி பழைய கேசட்டில் எடுத்த வீட்டு வீடியோவையெல்லாம் லாப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தவன் அவன்தான். ஏற்றி முடிந்ததும் கிரிகரி கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

சமையலறை மேசையில் லாப்டாப்பை வைத்துக் காது கொடுத்துக் கேட்டான்.

"உள்ள இருக்குற டிஸ்க் போகப் போகுது ஆன்டி. இன்னிக்கே காப்பி எடுத்தாகணும். இல்லன்னா அங்கிள் பாட்டு, ஏமி சின்னப் புள்ளையில ஆடுனது, எல்லாம் காலி."

ஃபோனில் வீடியோ காலில், கடல் தாண்டிப் பெர்த்திலிருந்து, மகள் ஏமி கேட்டுக்கொண்டிருந்தாள். புது வேலை, லீவு கிடைக்கவில்லை. பழைய வேலையிலும் கிடைத்ததில்லை.

"ஆன்லைன்ல போட்டுடுங்க தனேஷ் அண்ணே. நான் இங்கேர்ந்தே பார்த்துக்குவேன். ஹார்ட் டிஸ்க்லாம் இப்ப யாரு லா வெச்சிருக்கா?"

இங்கேர்ந்தே. பெர்னடெட் ஃபோனையே பார்த்தாள். மகளின் முகத்துக்குப் பின்னால் பளிச்சென்று வெயில்.

"டிஸ்க்குல போடுய்யா" என்றாள்.

"ம்மா!"

"எனக்கு ஆன்லைன்லாம் தெரியாது."

"போன வாரம் ஆன்லைன்ல எறா வாங்குனது யாரு?"

"எறா கெட்டுப்போனா வேற வாங்கலாம்."

"ஜெபத்துக்கு ஃபாதர் வந்ததும் கூப்பிடுங்க" என்ற ஏமியின் முகம் திரையிலிருந்து மறைந்தது.

தனேஷ் காரிலிருந்து புது டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து சொருகினான்.

"சண்டை எதுக்கு ஆன்டி? மொதல்ல இதுல எடுப்போம். அப்புறம் இதுலேர்ந்தே ஆன்லைன்ல ஏத்திடலாம். ரெண்டு எடத்துலயும் இருக்கும்."

பெர்னடெட் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏத்த வேணாம். இதுலேர்ந்து ஏத்த முடியும்னு அவகிட்ட சொல்லவும் சொல்லாத."

"ஏன் ஆன்டி?"

"வேணும்னா வந்து எடுத்துக்கட்டும்."

"ஒரே ஒரு காப்பிதான் இருக்கும் ஆன்டி. இதுவும் ஒருநாள் போயிடும்."

"தெரியும்."

தனேஷ் காப்பியைத் தொடங்கிவிட்டு, திரையில் நகர்ந்த பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கார் ஏறினார்கள். துணைக்கு இருக்கட்டுமா என்று கேட்டவர்களிடம் வேண்டாம் என்றாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பும்போது ஏமியின் மெசேஜ் வந்தது.

"ஆன்லைன் முடியலன்னா டிஸ்க்கை கூரியர்ல அனுப்பிடுங்கம்மா. உடையாம நல்லா சுத்தி அனுப்புங்க. அட்ரஸ் கீழ இருக்கு."

பெர்னடெட் நின்றபடியே படித்தாள். பதில் அடிக்க ஆரம்பித்து அழித்தாள். திரும்ப அடித்தாள். அதையும் அழித்தாள்.

பிறகு மாடியில் ஏமியின் அறைக்குப் போனாள். கட்டிலில் குவிந்திருந்த துவைத்த துணிகளை அள்ளி நாற்காலியில் போட்டாள். மெத்தையைத் தட்டி, புது விரிப்பை நாலு மூலையும் இழுத்துச் செருகினாள். தலையணைக்கு உறை மாட்டினாள். கைப்பையில் இருந்த டிஸ்க்கை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

போகும்போது ஃபேன் ஓடுகிறதா என்று சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள்.

ஓடியது.