ஒரு அடி இடப்பக்கம்

பத்தொன்பது வருடம் விண்ணப்பித்த பிறகுதான் வெர்னாவுக்கு அமெரிக்காவின் மொன்டானா மாநிலக் குலுக்கலில் மூஸ் மான் வேட்டைக்கான சீட்டு விழுந்தது. இனி இந்த ஜென்மத்தில் இன்னொன்று கிடைக்காது. கோடை முழுவதும் துப்பாக்கியும் கையுமாகவே இருந்தாள். அதன் மேல் பொருத்திய ஸ்கோப், அந்தக் குறிநோக்கிக் குழாயைப் பற்றி யாராவது கேட்டால் போதும். "அத வச்சு ஆணி அடிச்சிட்டுக் குறி பாத்தாலும் ஒரு நூல் விலகாது" என்பாள்.

அக்டோபரில் கணவனின் தம்பி டெல்மர் துணைக்கு வந்தான். இரண்டாம் நாள் காலை, புதர்களுக்கு நடுவே ஆண் மூஸ் ஒன்று வலப்பக்கம் பார்த்து நின்றது. நூற்றைம்பது கஜம்கூட இல்லை. காற்றும் இல்லை. தோளுக்குப் பின்னால் குறிவைத்து, மூச்சை மெல்ல விட்டுச் சுட்டாள்.

குண்டு வயிற்றில் பட்டது. மூஸ் முதுகை வளைத்துத் தடுமாறி, காட்டுக்குள் ஓடி மறைந்தது.

"கை ஆடிருச்சா, அண்ணி?"

"ஆடலையே..."

இரண்டு நாள் ரத்தச் சொட்டைத் தேடி முழங்காலில் ஊர்ந்தாள். ஆற்றங்கரையில் தடம் அறுந்தது.

"விடுங்க அண்ணி. வயசானா எல்லாருக்கும் ஆகறதுதான்" என்றான் டெல்மர்.

மறுநாள் அட்டைப்பெட்டி ஒன்றில் புள்ளி வைத்து, நூறு கஜத்தில் நிறுத்தி மூன்று முறை சுட்டாள். மூன்று ஓட்டையும் ஒட்டி ஒட்டி விழுந்திருந்தன. கை ஆடவே இல்லை. ஆனால் எல்லாமே புள்ளியிலிருந்து ஒரு அடி இடப்பக்கம். ஸ்கோப்பைத் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் புதிதாக ஒரு நசுங்கல். அவளைத் தவிர அந்தத் துப்பாக்கியைத் தொட்டவன் ஒருவன்தான்.

"இது எப்ப விழுந்துச்சு, டெல்மர்?"

அவன் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். "முத நாளு. வண்டியில சாய்ச்சு வச்சேன், சரிஞ்சு கல்லு மேல விழுந்துருச்சு. ஆணி அடிக்கலாம்னு நீங்கதானே சொல்வீங்க? ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு குண்டு சுட்டுச் சரி பண்ணியிருப்பேன். சரி, அதுகூடப் போகட்டும். நான் மண்டி போட்டுத் தேடிட்டிருந்தப்ப, வயசாயிருச்சுன்னு சொன்னியே. தெரிஞ்சுதானே சொன்ன?"

டெல்மர் மிச்சக் காபியை மண்ணில் ஊற்றினான்.

வெர்னா கத்தியை எடுத்து, வேட்டைச் சீட்டில் மூஸைச் சுட்ட தேதியை வெட்டி எடுத்தாள். தேதியை வெட்டிவிட்டால் மான் விழுந்ததாகக் கணக்கு; அந்தச் சீட்டில் இனி வேட்டையாட முடியாது.

"என்ன பண்றீங்க அண்ணி? இன்னும் அஞ்சு வாரம் இருக்கே. வேற ஒண்ணு..."

"அது எங்கயோ செத்துக் கெடக்கு. நான்தான் கொன்னேன். இன்னொண்ணு கேக்க எனக்கு வாய் இல்ல."

அறுபது மைல் வண்டியோட்டி ஊருக்குத் திரும்பினாள். அவன் வீட்டு வாசலில் எஞ்சினை அணைக்காமலே நிறுத்தினாள்.

"அண்ணன்கிட்ட..." என்று இழுத்தான் டெல்மர்.

"நீயே சொல்லு" என்றபடி வண்டியைக் கிளப்பினாள்.